“பேதுருவுக்கும் சொல்லுங்கள்”: மாற்கு தம் சுவிசேஷத்தை யாருக்காக எழுதினார்?

(மட்டக்களப்பு, புளியந்தீவில் வேதாகமம் படிக்கக் கூடியவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

அன்புக்குரிய பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த மன்றாட்டு, மாற்கு சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் “அப்பா பிதாவே” என்று தொடங்குகிறது. தமிழில் படிக்கும் நாம் அதைப் பிள்ளை தகப்பனை அழைக்கும் நம் வீட்டுச் சொல்லாகவே கேட்டுக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அது அரமேயச் சொல். கிரேக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மாற்கு, இயேசு பேசிய மொழியின் சொல்லை அப்படியே வைத்து, அதன் பொருளையும் பக்கத்தில் எழுதினார். ஓசை நம் சொல்லோடு ஒத்துப்போவதால் அந்த ஒட்டு நம் கண்ணில் படுவதில்லை. இன்று இத்தகைய ஒட்டுகளைப் பற்றியே பேச விரும்புகிறேன். லூக்கா தெயோப்பிலு என்பவருக்கு எழுதுவதாகச் சொல்லித் தொடங்குகிறார். யோவான் தாம் எழுதிய நோக்கத்தை 20ஆம் அதிகாரத்தின் முடிவில் தாமே அறிவிக்கிறார். மாற்கோ யாருக்காக, எதற்காக எழுதினார் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நூலின் உள்ளே தேடித்தான் நாம் அதை அறியவேண்டும்.

“தலீத்தாகூமி”, “எப்பத்தா”, “கொர்பான்” ஆகிய ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பொருள் சொல்கிறார். யூதர்கள் கைகழுவாமல் உண்பதில்லை என்பதை 7ஆம் அதிகாரத்தில் நிறுத்தி விளக்குகிறார். யூதருக்கு எழுதியிருந்தால் இந்த விளக்கம் எதற்கு? ஏழை விதவை போட்ட இரண்டு காசின் மதிப்பையும் அவர் ரோம நாணயமான குவாத்ரன்ஸ் கணக்கில் சொல்கிறார். நம் பழைய தமிழ் வேதாகமம் அதை “ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு” என்று பெயர்த்தது. துட்டு என்பது ஒல்லாந்தர் காசின் பெயரிலிருந்து வந்த சொல். 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையை இன்றும் வைத்திருக்கிற இந்த ஊரில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தம் வாசகரின் மடியில் இருந்த காசைத் தேடியது போலவே மாற்கும் தேடினார். அவருடைய வாசகரின் மடியில் இருந்தது ரோமக் காசு.

அதே வேளையில், சொன்னவரின் கரை வேறு, கேட்டவரின் கரை வேறு என்பதையும் இந்த நூல் காட்டுகிறது. 4ஆம் அதிகாரத்துப் புயலில் இயேசு படகின் பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரையாயிருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அந்தத் தலையணை மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. வேறு படவுகளும் கூடவந்தன என்பதும் மாற்கில் மட்டுமே உண்டு. ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமே உள்ள அந்தக் கலிலேயா ஏரியை மாற்கு “கடல்” என்றே அழைக்கிறார். நம் மட்டக்களப்பு வாவி அதைவிட நீளமானது. தோணியில் இருந்தவன் தன் நீரைத் தன் ஊர்ப் பெயரால் அழைப்பதையும், காற்று அடித்த இரவில் யார் எங்கே கிடந்தார் என்பதை மறவாமல் வைத்திருப்பதையும், வாவியில் வலை வீசுபவரோடு ஒரு மாலை பேசியிருந்தாலும் விளங்கிக்கொள்வோம். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்து, நினைவிலிருந்தவற்றை வரிசைப்படி அல்லாவிட்டாலும் பிழையின்றி எழுதினார் என்று இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எராப்போலி ஆயர் பப்பியாஸ் சொன்னதாகப் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிந்துவைத்திருக்கிறார். சிரியாவில் எழுதப்பட்டது என்போரும் உண்டு. எனினும் ரோம் என்ற பழைய மரபே நூலின் உட்சான்றுகளோடு நன்கு பொருந்துகிறது என்பது என் கருத்து. காலம், கி.பி. 70ஐ ஒட்டிய ஆண்டுகள்.

ரோமில் அதற்குச் சற்று முன்னர் நடந்ததைப் பார்க்கவேண்டும். கி.பி. 64இல் நகரம் எரிந்தது. பழியை நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தினான். கிறிஸ்தவர்கள்மேல் சிறிதும் அன்பில்லாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், முதலில் ஒப்புக்கொண்டவர்கள் பிடிக்கப்பட்டார்கள் என்றும், பின்னர் அவர்கள் கொடுத்த தகவலின் பேரில் பெருந்திரளானோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள் என்றும் எழுதினார். “அவர்கள் கொடுத்த தகவலின் பேரில்” என்ற சொற்களை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சகோதரன் சகோதரனை மரணத்துக்கு ஒப்புக்கொடுப்பான் என்று 13ஆம் அதிகாரத்தில் வரும் வாக்கியத்தை, அதன்பின் வேறுவிதமாகப் படிக்க என்னால் இயலவில்லை. காட்டிக்கொடுத்தல் என்றால் என்னவென்று எம் மண்ணில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. போர்க்காலச் சுற்றிவளைப்பு நாள்களில், முகத்தை மூடிக்கொண்டு ஆள்காட்டிய தலையாட்டியின் முன்னே வரிசையில் நடந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அத்தகைய நாள்கள் கடந்தபின் ஒரு சபையில் எஞ்சுவோர் யார்? தகப்பனை இழந்த பிள்ளைகளும், பயத்தில் வாய் திறந்துவிட்டுப் பின் அழுதவர்களும் ஒரே கூரையின் கீழ், ஒரே அப்பத்தைப் பிட்கவேண்டியிருக்கிறது.

அந்தச் சபையை மனதில் வைத்து இந்த நூலை வாசியுங்கள். சீஷர்களை மாற்கு சற்றும் மூடிமறைப்பதில்லை. அவர்கள் விளங்கிக்கொள்ளவில்லை, யார் பெரியவன் என்று வாதாடினார்கள், ஒருமணி நேரம் விழித்திருக்க முடியாமல் தூங்கினார்கள், கடைசியில் எல்லோரும் இயேசுவை விட்டு ஓடிப்போனார்கள். நூலின் நடுவே பெத்சாயிதாக் குருடன் முதற்தடவை தொடப்பட்டதும் மனிதரை நடக்கிற மரங்களைப் போலக் காண்கிறான்; இரண்டாந்தடவைதான் தெளிவாகக் காண்கிறான். அடுத்த காட்சியிலேயே பேதுரு, “நீர் கிறிஸ்து” என்று அறிக்கையிட்டு, சிலுவையைப் பற்றிக் கேட்டதும் மறுத்துப் பேசிக் கடிந்துகொள்ளப்படுகிறார். பேதுருவின் கண்ணும் பாதிதான் திறந்திருந்தது. இயேசுவை முழுமையாகக் கண்டு, “மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்” என்று சொன்னவன், சிலுவையின் அருகே நின்ற ரோம நூற்றுக்கு அதிபதி. வல்லமையைக் கண்டு கிறிஸ்துவை அறிந்தவன் அரைகுறையாகவே அறிந்தான். சிலுவையில் கண்டவனே அறிந்தான் என்பதைச் சொல்லவே இந்த நூல் எழுந்தது என்று நம்புகிறேன்.

ஆனால் ஓடிப்போனவனுக்கு என்ன வழி? வெறுமையான கல்லறையில் வெண்ணங்கி தரித்த வாலிபன் பெண்களிடம், “அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்” சொல்லும்படி கூறுகிறான். இதே காட்சியை எழுதிய மத்தேயுவில் சீஷர்கள் உண்டு. பேதுருவின் பெயர் இல்லை. மாற்கில் இருக்கிறது. மூன்றுமுறை மறுதலித்தவனின் பெயரை அந்த இடத்தில் வாசிக்கக் கேட்டபோது, ரோமில் தலைகுனிந்து ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்த எவரோ தலைநிமிர்ந்திருப்பார்.

மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் நூல் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் நடுங்கி ஓடினார்கள். பயந்திருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு காலையில் இந்த ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பை அறிந்த நமக்கு, உயிர்ப்பின் காலையும் நடுக்கமும் ஒரே வசனத்தில் சேர்ந்திருப்பது புதிதன்று. அடுத்த கூட்டத்துக்கு முன் 16 அதிகாரங்களையும் ஒரே அமர்வில், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க, வீட்டில் வாசித்து வாருங்கள். அந்த 8ஆம் வசனத்தில் நிறுத்துங்கள்.