சில்லி பில்லியும் நம் வீட்டு கேசட்டுகளும்

அவைத்தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் வேட்டியோடு வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் கால் மணியை எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, சுண்டல் தாளித்துக்கொண்டிருப்பதால் நான் சொல்வது எதுவும் காதில் விழாத மகளிர் அணியினரே, வணக்கம்.

மூன்று விஷயங்கள் சொல்லப்போகிறேன். சில்லி பில்லி யார், அமெரிக்க டிவிக்குள் பேய் எப்படிக் குடிவந்தது, நாம் என்ன செய்யவேண்டும்.

சில்லி என்றால் மிளகாய் இல்லை, சில்லென்ற குளிர். பெயர் பில் கார்டில். நம் பிட்ஸ்பர்க்கின் 11-ஆம் சேனலில், 1963 முதல் இருபது வருடம், சனிக்கிழமை இரவில் பேய்ப்படம் காட்டியவர். பிலடெல்பியாவில் ஜான் ஸாக்கர்லி பிரேத வேஷத்தில் வந்து, சவப்பெட்டிக்குள் கிடக்கும் மனைவியோடு பேசுவார். நம் ஆள் கோட்டும் சூட்டுமாக, கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா மாதிரி வந்து, தான் போடும் படத்தையே கிண்டலடிப்பார். 1968-இல் வந்த, இயக்குநர் ரொமேரோ இங்கே எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலும் டிவி நிருபராகவே வந்தார். 1975-இல் நியூயார்க்கிலிருந்து ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி வந்தபோது, முதல் சில வருடங்கள் நம் ஊர் நிலையம் அதைப் போடவில்லை. அந்த நேரம் பில்லியுடையது!

நான் வந்தது 1976. பென் ஹில்ஸில் வெங்கடாசலபதி கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம். மாடியில் நாங்கள் நான்கு பிரம்மச்சாரிகள், கீழே வீட்டுக்காரப் பாட்டி. ஒரு சனிக்கிழமை டிவியில் பில்லி. சமையலறையில் நண்பர் ஒருவர் ஓஸ்டரைசர் மிக்ஸியில் இட்லிக்கு அரைக்கிறார். படத்தில் கல்லறை மூடி மெல்ல நகர்கிறது. பட்டென்று இருட்டு. ஒருத்தரும் அசையவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம். கதவில் மூன்று தட்டு. நீ போ, நீ போ என்று தள்ளி, கடைசியில் அரைத்தவரையே அனுப்பினோம், மாவுக் கையோடு. திறந்தால் வெள்ளை முடி, தரைவரை வெள்ளை அங்கி, முகத்துக்குக் கீழே மெழுகுவத்தி. “ஆஞ்சநேயா!” என்று அவர் கத்த, மாவு பூசிய அவரைப் பார்த்து அது பதிலுக்குக் கத்த, நாங்கள் மூவரும் கட்டிலுக்கு அடியில். பாட்டிதான். எங்கள் அரவையில் வீடு முழுக்க ஃபியூஸ் போயிருக்கிறது. “பில்லி ஓடிக்கொண்டிருக்கிறான், சீக்கிரம் மாற்றுங்கள்!” மாற்றினோம். மீதிப் படத்தை ஐந்து பேரும் சேர்ந்து பார்த்தோம். அதன்பிறகு சனிக்கிழமை அரவை கிடையாது.

இரண்டாவது விஷயம். 1957-இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் யுனிவர்சல் ஸ்டுடியோவின் 52 பழைய திகில் படங்களை மொத்தமாகக் கட்டி டிவி நிலையங்களுக்கு விற்றது. அங்கிருந்துதான்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, அது அப்புறம்.

மூன்றாவது விஷயம். அந்தக் காலத்தில் டிவி நிலையங்களுக்கு டேப் விலை அதிகம். எடுத்ததை அழித்து அதன்மேலேயே அடுத்ததை எடுப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1954-இல் டிவியில் பேய்ப்படம் காட்டும் இந்தத் தொழிலையே தொடங்கிவைத்த வாம்பிரா என்ற பெண்மணியின் நிகழ்ச்சி நேரலை. இன்று தேடினால் துண்டு துணுக்குதான் கிடைக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! போன கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன் என்று முன்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள்.

பில்லி 2016-இல் போய்விட்டார். நம் வீட்டு கேசட்டுகள்? பொங்கல் விழா, பாட்டியின் தாலாட்டு, ஊரிலிருந்து வந்து பாடிவிட்டுப் போனவர்கள். பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊரைச் சொல்வானேன், என் மகளின் அரங்கேற்ற கேசட்டின்மேல் நம் ஊர் ஸ்டீலர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பதிவு செய்த மகாபாவி நானே. அலாரிப்பு பாதியில் நிற்கும், பந்தோடு ஒருவன் ஓடுவான். அவள் இன்னும் மன்னிக்கவில்லை. கண் கெட்ட பிறகுதான் எனக்கும் சூரியன் தெரிந்தது.

வாசலில் மேஜை போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு கேசட்டுகளைக் கொண்டுவாருங்கள். வருடமும், யார் பாடினார்கள் என்பதும் மேலே எழுதியிருக்கட்டும். கணினியில் ஏற்றித் தர இரண்டு பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தலைவர் அவர்களே, உங்கள் வீட்டு நிலவறையில் மூன்று பெட்டி இருப்பது எனக்குத் தெரியும்.