அக்கா வேலையை விட்ட திகதி

வணக்கம். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமையே அக்கா வேலையை விட்டுவிட்டார், இப்போது ஆறு வருஷமாகிறது. விடிய நாலரைக்கு எழும்பி, அம்மாவை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் தன் முகத்தைக் கழுவுவார்.

அம்மாவுக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்காக அலுவலகத்துக்குப் போனபோது நோய், வருமானம், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டார்கள். அம்மாவைப் பார்ப்பதற்காக யாருடைய சம்பளம் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இலங்கையில் வருமானம் குறைந்த குடும்பங்களில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் மாதம் 7,500 ரூபாயாக இருந்த கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 10,000 ஆனது. நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு நாளைக்குப் பிரித்தால் 333 ரூபாய், அதற்குள் பம்பர்ஸ், மருந்து, கிளினிக்குக்குப் போகும் ஓட்டோக் காசு எல்லாம் அடங்க வேண்டும். பராமரிப்பவருக்கென்று தனியாக எதுவும் இல்லை. போனது சம்பளம் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அக்காவின் சம்பளத்தில் பிடித்த 8 சதவீதமும் கம்பனி போட்ட 12 சதவீதமும் அன்றோடு நின்றுவிட்டன, அவருக்கு வயது போகும்போது கையில் என்ன இருக்கும்?

பெற்ற தாயைப் பார்க்கக் காசா என்று சிலர் கேட்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. பிரித்தானியாவில் 1976இல் பராமரிப்பவர்களுக்குக் கொடுப்பனவு தொடங்கியபோது கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்றார்கள், அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற எண்ணம். தன் தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அது மாறியது. அங்கேயும் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் போய்ப் பாருங்கள், கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் மறக்காமல் கொண்டுபோங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, அதனால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். கூடவே தனித் தாளில், பராமரிப்பவர் யார், என்ன வேலையை எப்போது விட்டார், ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் நோயாளியோடு இருக்கிறார் என்று எழுதி இணையுங்கள். அதற்காக உடனே காசு வராது, ஆனால் அந்த ஆளும் கோப்புக்குள் வந்துவிடுவார்.

நான் போன கிழமை அப்படி ஒன்று எழுதினேன். வேலையை விட்ட திகதியை அக்காவிடம் கேட்டேன், யோசிக்காமலே சொன்னார்.