முட்டி மாற்றிய பிறகு ஊசியில் கரண்ட்: எவ்வளவு உதவும்?

(காட்சி: வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் வராண்டா. மாலை நேரம். வாக்கர் பிடித்து மெதுவாக நடக்கும் இரண்டு கால்கள் மட்டும் திரையில்.)

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களை வேலூரில் தேடிப் போக வேண்டியதில்லை. கொல்கத்தா, அசாம், சித்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் தையல் பிரிக்கும் வரை லாட்ஜிலேயே தங்கி, காலையும் மாலையும் வராண்டாவில் வாக்கரோடு நடப்பார்கள். நம்ம குடியாத்தம், ஆரணி, ஆற்காட்டுக்காரர்கள் சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வலி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருத்தர் வந்து சொல்வார்: "ஊசி குத்தி அதுல கரண்ட் வைக்கிறாங்களாம், வலியே தெரியாதாம்."

அவர் சொல்வது எலக்ட்ரோ அக்குபஞ்சர். முட்டி மாற்றியவருக்கு அது எதற்கு உதவும், எதற்கு உதவாது, யார் அதன் பக்கமே போகக் கூடாது என்று பார்ப்போம்.

(காட்சி: முட்டியின் வரைபடம். தேய்ந்த எலும்பு முனைகள் மறைந்து செயற்கை மூட்டு பொருந்துகிறது.)

முதலில், வலியை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுகிறோம்? ஆபரேஷனில் தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, மேலேயும் கீழேயும் உலோகம், நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் வைக்கிறார்கள். தேய்மான வலி அதோடு போய்விடும். ஆனால் தோலும் மூட்டுறையும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும். வீக்கம் வாரக்கணக்கில் நிற்கும். வீங்கிய முட்டி இன்னொரு வேலையும் செய்யும். தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையைக் குறைத்துவிடும். காலைத் தூக்க நீங்கள் முழு மனதோடு முயன்றாலும் தசை அரைகுறையாகத்தான் கேட்கும். முதல் மாத முடிவில் அந்தத் தசையின் பலம், ஆபரேஷனுக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே போயிருப்பது சாதாரணம்.

அதனால்தான் அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். சமதளத்தில் நடக்க முட்டி 65, 70 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து சிரமமில்லாமல் எழ 90 டிகிரிக்கு மேல் வேண்டும். குடியாத்தத்தில் சம்மணம் போட்டு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அம்மாவுக்கு இது போதவே போதாது. ஆனால் புது முட்டியோடு தரையில் உட்கார வேண்டாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். அவர் வேலையை மேசைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. எப்படியானாலும் அந்த 90ஐ எட்ட முதல் சில வாரம் மடக்கிப் பழகியே ஆக வேண்டும். வலிக்குப் பயந்து மடக்காமல் விட்டால் முட்டி இறுகிவிடும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிடும் நிலை வரலாம்.

(காட்சி: கருவி நெருக்கத்தில். கைக்கு அடக்கமான பெட்டி, வரிசையாகத் திருகுகள், சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள்.)

சரி, கருவிக்கு வருவோம். பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி இது. ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு குட்டிக் கிளிப். ஊசி என்றால் மருந்து ஏற்றும் ஊசி இல்லை, உள்ளே துளையே கிடையாது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு. ஒருமுறை குத்தினால் தூக்கிப் போட வேண்டியது. இரண்டு ஊசிகளைக் குத்தி, அவற்றின் கைப்பிடியில் கிளிப்பை மாட்டி, திருகை மெல்லத் திருப்புவார்கள்.

விநாடிக்கு 2 துடிப்பு வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். கணுக்கால் முன் தசை டக் டக்கென்று துள்ளும், பாதம் தானாகத் தாளம் போடும். விநாடிக்கு 100 வைத்தால் துள்ளல் தெரியாது, ஒரே ரீங்காரம் போல விறுவிறுவென்று இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி வருமாறு வைப்பதும் உண்டு. இருபது முதல் முப்பது நிமிடம் ஓடும். சுளீரென்று வலித்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், உடனே சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வதில் கூடுதல் பலன் ஒன்றும் கிடையாது.

(காட்சி: முதுகுத்தண்டு, மூளை. வலிச் செய்தி மேலே போகும் பாதை.)

இந்தத் துடிப்பு வலியை எப்படிக் குறைக்கிறது? 1965ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்ன கருத்து ஒன்று உண்டு. தொடுதல், அதிர்வு போன்ற செய்திகள் முதுகுத்தண்டுக்குள் வரும்போது வலிச் செய்தி மேலே போவது மட்டுப்படும் என்றார்கள். இடித்துக்கொண்ட இடத்தை நாம் கையால் தேய்த்துவிடுவதும் இதே கணக்குதான். இன்னொரு வழி, உடம்பே சுரக்கும் வலிநீக்கிகள். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடலியல் அறிஞர் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தார். 2 துடிப்புக்கு எண்டார்பின் வகை, 100 துடிப்புக்கு டைனார்பின் என்று வேறு வேறு பொருட்கள் சுரப்பதைக் காட்டினார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பினின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலிக்குறைப்பும் மங்குகிறது என்று 1970களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆக, இதை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அளவு என்ன? அதுதான் முக்கியம்.

(திரையில் எழுத்து: 46 நிமிடம்)

2017ல் ஜாமா சர்ஜரி என்ற மருத்துவ இதழில், முட்டி மாற்றியவர்களுக்கு மருந்தில்லாத வலிக்குறைப்பு முறைகளைப் பற்றிய 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. அக்குபஞ்சர் செய்துகொண்டவர்கள், பட்டனை அழுத்தித் தாங்களே ஏற்றிக்கொள்ளும் வலி மருந்தை முதல்முறை கேட்டது, மற்றவர்களைவிடச் சராசரியாக 46 நிமிடம் கழித்து. வலி குறைந்ததற்கும் ஆதாரம் இருந்தது, ஆனால் அது பலவீனமான ஆதாரம். அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் உண்டு. காலை வைத்தால் தானாக மடக்கி நீட்டிக்கொண்டே இருக்குமே ஒரு மிஷின், அதனால் வலி குறைந்ததாகத் தெரியவில்லை. அதை வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

நாற்பத்தாறு நிமிடம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ஒரு பிசியோ வகுப்புக்கு அந்த நேரம் தாராளம். ஊசியை எடுத்த கையோடு கட்டிலில் சாய்ந்து படுத்து விடாமல், அந்த வலி மட்டுப்பட்ட நேரத்திலேயே குதிகாலை இழுத்து முட்டியை மடக்குங்கள், காலை நீட்டி முட்டியைப் படுக்கையில் அழுத்துங்கள், நாலு நடை நடங்கள். ஊசி முட்டியை மடக்காது, மடக்குவது நீங்கள்தான். இரவு தூக்கத்துக்காக மட்டும் செய்துகொண்டாலும் தப்பில்லை, ஆனால் பாதிப் பலன் வீணாகிறது என்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சிதான் முக்கியம் என்பது வேலூருக்குப் புதுச் செய்தியும் இல்லை. தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு இங்கே டாக்டர் பால் பிராண்ட் தசைநாண் மாற்று ஆபரேஷன் செய்தபோது, அதற்குப் பிறகு விரல்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் சிகிச்சையில் பாதியாக இருந்தது. 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்த ஆபரேஷன்களைச் செய்தார். வேலூர் பாகாயத்தில் 1966ல் வந்த சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையம் அவர் முயற்சியில் உருவானதுதான்.

(காட்சி: முட்டிச் சிப்பிக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள் சிவப்பில் மின்னுகின்றன. மேலே பெருக்கல் குறி.)

இப்போது எச்சரிக்கைகள். இங்கே அவசரப்பட மாட்டேன்.

முட்டித் தேய்மானத்துக்கு வழக்கமாக ஊசி குத்தும் இடங்களில் முக்கியமானவை சிப்பிக்குக் கீழே இருக்கும் இந்த இரண்டு குழிகள். மாற்றிய முட்டியில் அங்கே குத்தவே கூடாது. அந்தக் குழிக்குப் பின்னால் நேராக மூட்டுதான் இருக்கிறது. செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் சில நேரம் மொத்தத்தையும் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும். தையல், வீக்கம், கசிவு உள்ள இடத்திலும் ஊசி வேண்டாம். அதற்குப் பதில் கணுக்கால், கை, காது, இல்லையென்றால் ஆபரேஷன் ஆகாத கால் என்று தள்ளிக் குத்தலாம்.

"உள்ளே இரும்பு இருக்கே, ஷாக் அடிக்காதா?" என்று கேட்பார்கள். சில மில்லி ஆம்பியர் கரண்ட், அதுவும் ஜோடி ஊசிகளுக்கு நடுவில்தான் பெரும்பாலும் ஓடும். முட்டி மாற்றியவர்களிடமே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பயப்பட வேண்டியது இதயத் துடிப்பைச் சீராக்க வைக்கும் பேஸ்மேக்கருக்குத்தான். அது வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. வலிப்பு நோய் இருந்தாலும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதை ஊசி குத்துபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், கன்றிப்போக வாய்ப்பு உண்டு.

அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். நம் பக்கத்தில் இங்கிலீஷ் மருந்தே விஷம் என்று சொல்லிச் சிகிச்சை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2019ல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது உண்மை. ஆனால் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் எந்த ஊசியும் காப்பாற்றாது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு காயத்தில் கசிவு இருந்தாலும் அப்படித்தான்.

(காட்சி: மூன்று கருவிகள் பக்கத்துப் பக்கத்தில்.)

கடைசியாக ஒரு குழப்பம். "எனக்கும் கரண்ட் வெச்சாங்க" என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் எல்லாம் ஒரே கரண்ட் இல்லை. தோலில் பட்டை ஒட்டி விறுவிறுவென்று வைப்பது வலிக்கு. தொடையில் பட்டை ஒட்டித் தசையே இறுகி எழும்படி வைப்பது பலத்துக்கு. முட்டி மாற்றியவரின் தொடைத் தசைக்கு ஆய்வு ஆதரவு அதிகம் உள்ளது இந்த இரண்டாவதற்குத்தான். ஊசியில் வைப்பது மூன்றாவது. ஊசி என்றாலே வேர்த்துப்போகிறவர் பட்டையோடு நிறுத்திக்கொண்டால் பெரிய நஷ்டம் இல்லை.

வெளியூர்க்காரர்கள் கேட்பது இது: "ஊசிச் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊருக்குக் கிளம்பினால் என்ன ஆகும்?" ஒன்றும் ஆகாது. காட்பாடியில் ரயிலேறும்போது கீழ்ப் படுக்கை வாங்கிக்கொள்ளுங்கள், மணிக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள், பிசியோ எழுதிக் கொடுத்த பயிற்சிச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். ஊசியை ஊரில் தொடர வேண்டும் என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கிளம்பும் முன்பே கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.