பந்தலையும் பாருங்கள்

(டோக்கியோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வசந்தகாலச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானின் தொடர் விடுமுறை வாரமான கோல்டன் வீக் வந்துவிட்டது. ஏப்ரல் 29 ஷோவா நாள், மே 3 அரசியலமைப்பு நாள், மே 4 பசுமை நாள், மே 5 குழந்தைகள் நாள். இந்த வாரத்தில் ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் விலை கேட்டாலே தலை சுற்றும். அதனால் நம்மில் பலர் இங்கேதான் இருப்போம். இருக்கிற நாட்களை வீட்டுக்குள் கழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். குறிப்பாக மே 4.

இந்த நாளுக்கு ஒரு கதை உண்டு. ஏப்ரல் 29 ஷோவா பேரரசரின் பிறந்தநாள். 1989 ஜனவரியில் அவர் மறைந்தபோது, அந்த விடுமுறையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவர் உயிரியல் ஆய்வில் மூழ்கியவர். செடிகொடிகள் மீது தீராத ஆசை கொண்டவர். அதனால் அந்த நாளையே பசுமை நாள் ஆக்கினார்கள். 2007இல் ஏப்ரல் 29க்கு ஷோவா நாள் என்று பெயர் வைத்தபோது, பசுமை நாள் மே 4க்கு நகர்ந்தது. விடுமுறைச் சட்டம் இந்த நாளின் நோக்கத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: இயற்கையோடு பழகுவது, அதன் கொடைக்கு நன்றி சொல்வது, மனத்தை வளமாக்கிக்கொள்வது. பூசை, ஊர்வலம், படையல் எதுவும் கிடையாது. வெளியே போய் மரம் செடிகளோடு இருங்கள் என்று ஓர் அரசாங்கம் சட்டம் போட்டு லீவு கொடுக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

இதில் நன்றி என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். பூ தானாகவா பூக்கிறது? காட்டில் சரி. இந்த வாரம் நாம் போய்ப் பார்க்கிற பூக்களில் பெரும்பாலானவை யாரோ கையால் தாங்கி, வெட்டி, கட்டிக் காப்பாற்றியவை. பூவைப் பார்க்கும்போது அதைத் தாங்குகிற பந்தலையும் பாருங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

தொச்சிகி மாநிலத்தில் அஷிகாகா மலர்ப் பூங்கா இருக்கிறது. விஸ்டீரியா, ஜப்பானியர் ஃபுஜி என்று சொல்லும் கொடி, அங்கே ஏப்ரல் கடைசியில் இருந்து மே முதல் வாரம் வரை பூக்கும். ஊதாப் பூக்கள் ஒரு முழம், இரண்டு முழம் என்று சரம் சரமாகத் தொங்கும். கீழே நின்றால் மேலே வானம் தெரியாது. வாசனை இனிப்பாக இருக்கும். பெரிய கருவண்டுகள் ரீங்காரமிட்டபடி பூவுக்குப் பூ தாவிக்கொண்டே இருக்கும். அங்கே நடுநாயகமாக நிற்கும் பெருங்கொடிக்கு வயது 160க்கு மேல். அந்த ஒரே கொடி ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் பரப்புக்கு விரிந்திருக்கிறது.

ஆனால் அது அங்கே முளைத்த கொடி அல்ல. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் இருந்தது. பண்ணையே இடம் மாற வேண்டி வந்தபோது கொடியை என்ன செய்வது? அடித்தண்டின் குறுக்களவு ஒரு மீட்டர். இவ்வளவு பருத்த விஸ்டீரியாவைப் பெயர்த்து நட்டால் பிழைக்காது என்பதுதான் அப்போதைய எண்ணம். கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள். ஒப்புக்கொண்டவர் த்ஸுகமொத்தோ கொனாமி என்ற அம்மையார், ஜப்பானின் முதல் பெண் மர மருத்துவர். மர மருத்துவர் என்பது இந்த நாட்டில் தேர்வு எழுதித் தகுதி பெற்றுச் செய்யும் தொழில்.

அவருக்கு ஏற்பாடுகளுக்கு மட்டும் இரண்டு வருடம் ஆனது. விஸ்டீரியாவின் தண்டு மென்மையானது. கயிறு அழுத்தினால் காயம்படும், காயம்பட்ட இடம் அழுகும். கயிறு கட்டாமல் இத்தனை டன் எடையைக் கிரேனில் தூக்கவும் முடியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கால் முறிந்தால் நமக்குப் போடுகிறார்களே மாவுக்கட்டு, அதைக் கொடியின் தண்டுக்குப் போட்டார். கட்டு இறுகிய பிறகு அதன் மேல் கயிறு சுற்றித் தூக்கினார்கள். 1996இல் கொடி புதிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போது அதன் பந்தல் வெறும் 72 சதுர மீட்டர். இன்றைய ஆயிரத்துக்கு வந்தது வருடா வருடம் கிளைகளை ஒதுக்கி, கட்டி, பந்தலை நீட்டிக்கொண்டே போனதால்தான்.

அங்கே போனால் கூட்டம் நெரியும். எல்லோரும் போனைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் பந்தல் கால்களைப் பாருங்கள். கிளை எங்கே கட்டப்பட்டிருக்கிறது, கட்டு எவ்வளவு தளர்வாக விடப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2018இல் இருந்து பூங்காவின் பெயரிலேயே ரயில் நிலையம் வந்துவிட்டதால் காரில் போய் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை.

அடுத்து வடக்கே அஓமோரி மாநிலத்தின் ஹிரோசாக்கி. கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 செர்ரி மரங்கள். செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள் என்று ஜப்பானியரிடம் ஒரு பழமொழி உண்டு. வெட்டிய இடத்தில் நோய் புகுந்துவிடும் என்ற பயம். ஆனால் அஓமோரி ஆப்பிள் விளையும் பூமி. ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்து பழகிய கைகள் செர்ரியையும் அதே முறையில் கவாத்து செய்தன. சோமேய் யோஷினோ என்ற வகைக்கு ஆயுள் அறுபது வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹிரோசாக்கியில் 1882இல் நட்ட மரம் இன்னும் பூக்கிறது. முன்பெல்லாம் அங்கே கோல்டன் வீக் சமயத்தில் பூ இருக்கும். இப்போது சில வருடங்களில் விடுமுறை தொடங்குவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. வெப்பம் கூடுவதை எந்த அறிக்கையையும் விட எனக்குத் தெளிவாகச் சொல்வது அந்தப் பூங்காதான். அதனால் பூ நிலவரம் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இபராக்கியில் ஹிட்டாச்சி கடற்கரைப் பூங்காவின் நீலக் குன்றைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். குன்று முழுக்க நெமோஃபிலா என்ற நீலப் பூச்செடி, கிட்டத்தட்ட 53 லட்சம் செடிகள். பலருக்குத் தெரியாதது, அந்த நிலம் முதலில் ஜப்பான் ராணுவத்தின் விமானத்தளம். போருக்குப் பிறகு அமெரிக்கப் படை குண்டு போட்டுப் பயிற்சி செய்த திடல். 1973இல் திரும்பக் கிடைத்தது, 1991இல் பூங்காவாகத் திறந்தது. நெமோஃபிலா ஒரு பருவச் செடி. பூத்து முடிந்ததும் பட்டுவிடும். ஒவ்வொரு வருடமும் விதைப்பில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சரி, தூரம் போக முடியாதவர்களுக்கு. மே 4 அன்று ஷின்ஜுகு கியோஎன் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. கொய்ஷிகாவா தாவரவியல் பூங்காவும் அப்படித்தான். 1684இல் ஷோகுன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி அதை மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது, இன்று டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஷின்ஜுகு தோட்டத்தில் மதுவுக்கு அனுமதி இல்லை. பந்து, மட்டை எடுத்துப் போகாதீர்கள். புளியோதரைக்குத் தடை இல்லை. அடுத்த நாள் குழந்தைகள் நாள். ஆற்றோரங்களில் கெண்டை மீன் வடிவத் துணிக்கொடிகள் பறக்கும்.

மலைக்குப் போகிறவர்கள் தாரா மொட்டு பறிப்பதைப் பார்ப்பீர்கள். முள் மரத்தின் உச்சியில் வரும் தளிர்; மாவில் தோய்த்துப் பொரித்துத் தெம்புரா செய்தால் அருமை. பழகியவர்கள் உச்சி மொட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். பக்க மொட்டுகளையும் கிள்ளிவிட்டால் மரம் பட்டுப்போகும். நமக்கு அடையாளம் தெரியாத கீரையைத் தொடவே வேண்டாம், நச்சுச் செடிகளும் கலந்து வளரும்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விடப் பிடிக்கப் போவது மட்டி பொறுக்குவது. வசந்தகாலத்தில் பகல் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். யோகோஹாமாவின் கடல் பூங்காவில் இதற்குக் கட்டணம் இல்லை. ஈர மணலில் குட்டிக் குட்டித் துளைகள் தெரியும் இடத்தில் சின்ன வாரியால் மெல்லக் கீறுங்கள். கடினமாக ஏதோ தட்டுப்பட்டால் அதுதான் அசாரி மட்டி. ஒன்று கிடைத்தால் பக்கத்திலேயே இன்னும் நாலைந்து இருக்கும். இங்கேயும் விதி உண்டு: அகலமான வாரி கூடாது, இரண்டு சென்டிமீட்டருக்குச் சிறியதை மணலிலேயே விட்டுவிட வேண்டும், ஆளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது. சின்ன மட்டியைத் திரும்பப் புதைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் கடல்நீர் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் மட்டியைப் போட்டு, இருட்டாக மூடி வையுங்கள். உள்ளே இருக்கும் மணலைத் துப்பிவிடும். அப்புறம் குழம்போ மிசோ சூப்போ உங்கள் விருப்பம்.

கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மணலில் இறங்கிவிடலாம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிடுங்கள். தொப்பி, மாற்றுத்துணி, வலைப்பை மூன்றையும் மறக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.