52 பாயிண்ட் எடுத்து சாம்பியன் ஆன செல்சி (1954-55)

வணக்கம் மக்களே, ஆடியோ கேக்குதான்னு கமெண்ட்ல சொல்லுங்க, மேல ஃபேன் ஓடிட்டு இருக்கு, அதை ஆஃப் பண்ணா நான் வெந்துருவேன், அதனால அந்த சத்தத்தோடவே கேட்டுக்கோங்க.

எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் இருக்கான், பேர் வேணாம், நான் லண்டன் ஃபுட்பால் கிளப் செல்சி பத்தி வாயைத் திறந்தாலே "உங்க கிளப் ஹிஸ்டரி ஆரம்பிச்சதே 2003லதானடா, ரஷ்யாக்காரர் காசு கொண்டு வந்த அன்னைக்கு"ன்னு போடுவான். நேத்தும் போட்டான். ரிப்ளை டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு மூணு ஸ்க்ரீனுக்கு நீண்டுடுச்சு, சரி டைப் பண்றதுக்கு பேசியே தொலைச்சிடலாம்னு கேமராவ ஆன் பண்ணிட்டேன். இன்னைக்கு 1954-55 சீசன்.

அதுக்கு முன்னாடி கிளப் எப்படி இருந்துச்சுன்னு சொன்னாதான் இதோட ருசி தெரியும். செல்சி ஆரம்பிச்சது 1905. அடுத்த ஐம்பது வருஷம் பெருசா ஒண்ணும் ஜெயிக்கல. லீக் இல்ல, இங்கிலாந்து கிளப் எல்லாம் மோதுற நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கப்பும் இல்ல. 1915ல ஒரு கப் ஃபைனல் வரைக்கும் போயி தோத்தாங்க, அவ்ளோதான். லண்டன்ல மேடை காமெடியன்ங்களுக்கு ஜோக் பஞ்சம் வந்தா செல்சியதான் இழுப்பாங்க. கிளப்போட செல்லப் பேரே "பென்ஷனர்ஸ்". பக்கத்துல இருக்கிற ராயல் ஹாஸ்பிட்டல்ல வயசான ராணுவ வீரர்கள் தங்கியிருப்பாங்க, அவங்களை வச்சு வந்த பேரு, கிளப் பேட்ஜ்லயும் ஒரு தாத்தா படம்தான். எதிர் டீம்காரன் நம்ம சட்டைல தாத்தாவப் பார்த்தா எப்படி பயப்படுவான் சொல்லுங்க.

1952ல டெட் டிரேக் மேனேஜரா வந்தாரு. மனுஷன் ஆர்சனல்ல ஸ்ட்ரைக்கரா ஆடினவரு, 1935ல ஆஸ்டன் வில்லா கூட ஒரே மேட்ச்ல 7 கோல் அடிச்சவரு, அவங்க ஊர்ல போயி. வந்ததும் பேட்ஜ்ல இருந்த தாத்தாவ அனுப்பி வச்சாரு. அப்புறம் ரசிகர்களப் பார்த்தும் ஒரு பேச்சு. இங்க வர்றவங்க சும்மா ஃபுட்பால் மேட்ச் பார்க்க வர்றாங்க, செல்சி ஜெயிக்கணும்னு யாரும் கத்த மாட்டேங்கறாங்கன்னு குறைபட்டுக்கிட்டாரு. செல்சியோட சொந்த கிரவுண்ட் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்ல அப்போ ஆடுற இடத்தைச் சுத்தி நாய் ரேஸ் ட்ராக் ஓடும், ஜனம் நிக்கிறது எங்கயோ தூரத்துல, கத்துனாலும் ப்ளேயர் காதுல எவ்ளோ விழும்னு எனக்கு ஒரு டவுட்டு உண்டு, அது வேற கதை.

இப்ப டீம். பெரிய பேரெல்லாம் வாங்கல. கீழ் டிவிஷன்ல, அமெச்சூர் கிளப்ல போயி தேடித் தேடி எடுத்தாரு. ஃபிராங்க் பிளன்ஸ்டோன் க்ரூவ்ல இருந்து, ஜானி மெக்நிகோல் பிரைட்டன்ல இருந்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணு ஜிம் லூயிஸ். ஃபிளாஸ்க் விக்கிற கம்பெனில சேல்ஸ்மேன், வாரம் பூரா ஊர் ஊரா ஃபிளாஸ்க் வித்துட்டு சனிக்கிழமை வந்து ஃபர்ஸ்ட் டிவிஷன், அதாவது அப்போதைய டாப் லீக் ஆடுவாரு. இன்னொண்ணு ஷேமஸ் ஓ'கானல், வடக்க கார்லைல் பக்கம், குடும்பத் தொழில் மாட்டு வியாபாரம். ரெண்டு பேருமே அமெச்சூர், அதாவது கிளப் சம்பளம் கிடையாது.

ஏன்டா சம்பளம் வேணாம்னு சொல்றாங்கன்னு நீங்க கேப்பீங்க. அப்போ இங்கிலாந்துல ஃபுட்பால் ப்ளேயருக்கு சம்பள உச்சவரம்பு இருந்துச்சு, சீசன்ல வாரத்துக்கு 15 பவுண்ட், நீ எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும் அதுக்கு மேல தரக்கூடாதுன்னு ரூல். அந்த ரூல் போனது 1961லதான். அப்போ கையில ஒரு நல்ல தொழில் இருக்கிறவன் எதுக்கு அதை விடணும்? மாட்டுச் சந்தையப் பார்த்துக்கிட்டே பந்தையும் ஆடலாம்ல. 

ஓ'கானல் முதல் மேட்ச் எதுன்னு கேளுங்க. 1954 அக்டோபர் 16, மான்செஸ்டர் யுனைடெட், அவங்க மேனேஜர் மேட் பஸ்பியோட பசங்க. அறிமுக மேட்ச்லயே மனுஷன் ஹாட்ரிக் அடிக்கிறாரு. சரி, செல்சி எத்தனைக்கு எத்தனை ஜெயிச்சுச்சு? ஜெயிக்கல. 5-6ன்னு தோத்தாங்க. வீட்ல, சொந்த கிரவுண்ட்ல, அஞ்சு கோல் அடிச்சு, புதுப் பையன் ஹாட்ரிக் போட்டு, தோல்வி. இதெல்லாம் செல்சிக்கு மட்டும்தான் நடக்கும், நான் அந்த ரசிகனாச்சே, எனக்குத் தெரியாதா.

அந்த டைம்ல தொடர்ச்சியா நாலு தோல்வி. நவம்பர்ல டேபிள்ல 12வது இடம். யாரும் இவங்கள சீண்டல. அப்புறம் என்னாச்சுன்னு தெரியல, அடுத்த 25 மேட்ச்ல மூணே மூணுதான் தோத்தாங்க. கேப்டன் ராய் பென்ட்லி அந்த சீசன்ல லீக்ல 21 கோல். சென்டர் ஃபார்வர்டுன்னு பேரு, ஆனா ஒரே இடத்துல நிக்க மாட்டாரு, சைடுல போவாரு பின்னாடி வருவாரு, மார்க் பண்ண வந்த டிஃபெண்டர் இவர் பின்னாடி போகவா அங்கயே நிக்கவான்னு முழிப்பான். எரிக் பார்சன்ஸ்னு ரைட் விங்கர், செல்லமா "ராபிட்"னு கூப்பிடுவாங்க, முயல் மாதிரி ஓட்டம். 42 மேட்ச்ல ஒண்ணு கூட விடல.

இப்போ மெயின் மேட்டருக்கு வரேன். அப்போ இங்கிலாந்து லீக்ல நடப்பு சாம்பியன் வுல்வ்ஸ்ங்கிற கிளப். டிசம்பர் 4, மொலினோக்ஸ்ல, அவங்க ஊர்ல மேட்ச். செல்சி 2-3ன்னு பின்னாடி இருந்து கடைசி நிமிஷங்கள்ல ரெண்டு கோல் போட்டு 4-3. இத அப்படியே ஞாபகத்துல வச்சுக்கோங்க, ஏன்னா சரியா ஒன்பது நாள் கழிச்சு, டிசம்பர் 13, அதே மொலினோக்ஸ்ல, லைட் வெளிச்சத்துல வுல்வ்ஸ் ஹங்கேரியோட ஹோன்வெட் டீமை 3-2ன்னு ஜெயிச்சாங்க. ஹங்கேரி ஸ்டார் புஷ்காஷ் ஆடின ஹோன்வெட். உடனே இங்கிலாந்து பேப்பர்காரங்க "வுல்வ்ஸ்தான் உலக சாம்பியன்"னு கிளப்பி விட்டுட்டாங்க. அதைப் படிச்சு கடுப்பானது ஃபிரான்ஸ்ல லெக்கிப் பத்திரிகைல இருந்த காப்ரியல் ஆனோ. இரு, அதுக்குள்ள உலக சாம்பியனா, ஐரோப்பா கிளப் எல்லாத்துக்கும் ஒரு போட்டி வைப்போம் அப்புறம் பேசுங்கன்னு எழுதினாரு. இன்னைக்கு நாம ராத்திரி ஒன்றரை மணிக்கு கண்ணு முழிச்சுப் பார்க்கிற சாம்பியன்ஸ் லீக் பொறந்தது அங்கதான். உலக சாம்பியனை ஒன்பது நாள் முன்னாடி அவன் வீட்லயே அடிச்சது யாரு? சும்மா ஞாபகப்படுத்தினேன்.

அதே வுல்வ்ஸ் ஏப்ரல் 9, ஈஸ்டர் சனிக்கிழமை ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜுக்கு வர்றாங்க. உள்ள 75,043 பேரு. ரொம்ப நேரமா கோல் இல்ல. ஓ'கானல் ஒரு ஷாட் விடுறாரு, நேரா கோலுக்குப் போகுது, பில்லி ரைட், இங்கிலாந்து கேப்டன், ஜென்டில்மேன்னு பேர் வாங்கினவரு, எம்பி கையால பந்தை பாருக்கு மேல தட்டி விட்டுட்டாரு. கோல்கீப்பர் மாதிரி. ரெஃபரி என்ன குடுத்தாரு தெரியுமா? கார்னர்! செல்சி ப்ளேயர்ஸ் எல்லாம் சுத்தி வளைச்சு கத்த, அவரு லைன்ஸ்மேன்கிட்ட போயிக் கேட்டு, திரும்பி வந்து பெனால்டின்னு கை காட்டுறாரு. வீடியோ பார்த்து முடிவு சொல்ற விஏஆர் எதுவும் இல்ல, ஒரு லைன்ஸ்மேனோட கண்ணுதான். பீட்டர் சில்லெட், இருபத்தி சொச்சம் வயசு ஃபுல்பேக், வந்து அடிச்சாரு, உள்ள. 1-0.

ஏப்ரல் 23, செயின்ட் ஜார்ஜ் தினம். ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கூட ஹோம் மேட்ச், 3-0. பார்சன்ஸ் ரெண்டு, சில்லெட் பெனால்டி ஒண்ணு. மேட்ச் முடிஞ்சும் ஜனம் போகல, ஏன்னா டைட்டிலுக்குத் துரத்திட்டு இருந்த போர்ட்ஸ்மவுத் அங்க கார்டிஃப்ல ஜெயிச்சா கதை இன்னும் இழுக்கும். ஜெயிக்கலன்னு தெரிஞ்சதும் அத்தனை பேரும் கிரவுண்டுக்குள்ள. கத்த மாட்டேங்கறாங்கன்னு டிரேக் குறைபட்ட அதே ஜனம்.

இருங்க, நோட்டுல எழுதி வச்சிருக்கேன், தெரியுதா, வெளிச்சம் அடிக்குது... 42 மேட்ச், 20 வெற்றி, 12 டிரா, 10 தோல்வி, 52 பாயிண்ட். ஜெயிச்சா ரெண்டு பாயிண்ட்தான் அப்போ. பத்து தோத்துட்டு சாம்பியன்! அடுத்து வுல்வ்ஸ், போர்ட்ஸ்மவுத், சண்டர்லேண்ட் மூணு பேரும் 48. நம்ம குரூப் நண்பர் இதுக்கும் "அப்போ லீக்கே வீக்குடா"ன்னு போடுவாரு, போடட்டும். எல்லாரும் எல்லாரையும் அடிக்கிற லீக் எனக்கு இதுவரைக்கும் போரடிச்சதில்ல.

இப்போ வயித்தெரிச்சல் பார்ட். ஆனோ கேட்ட அந்த ஐரோப்பியக் கோப்பை 1955ல நிஜமாவே வருது. செல்சிக்கு அழைப்பு. ஒத்துக்கிட்டாங்க, குலுக்கல்ல ஸ்வீடனோட யூர்கோர்டன் வந்தாச்சு. அப்போ இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் பெரியவங்க, இது எதுக்கு வேண்டாத வேலை, நம்ம லீக் மேட்ச் தேதி எல்லாம் குழம்பிடும்னு சொல்லி விலகிக்கச் சொன்னாங்க. செல்சி சேர்மன் ஜோ மியர்ஸ் சரின்னு தலையாட்டிட்டாரு. இத மட்டும் என்னால மன்னிக்கவே முடியல. அடுத்த வருஷம் இதே பேச்சு மான்செஸ்டர் யுனைடெட்கிட்டயும் வந்துச்சு, பஸ்பி "நாங்க போறோம்"னு போயிட்டாரு, செமிஃபைனல் வரைக்கும்.

அந்த 1955-56ல செல்சி லீக்ல 16வது இடத்துல வந்து முடிச்சுது, லீக் டைட்டில் மறுபடி கைக்கு வந்தது 2005ல, அந்த ஐரோப்பியக் கோப்பை 2012ல. செல்சி காலி பண்ண இடத்துல போலந்தோட க்வார்டியா வார்சாவா உள்ள வந்து யூர்கோர்டன்கிட்ட தோத்துச்சு. ஸ்காட்லாந்துல இருந்து ஹிபர்னியன் போனாங்க, 1954-55 சீசன்ல அவங்க ஊர் லீக்ல அஞ்சாவது வந்தவங்க, அவங்கதான் அடுத்த ரவுண்டுல அந்த யூர்கோர்டனையும் அடிச்சு செமிஃபைனல் போனாங்க. அஞ்சாவது வந்தவன் செமிஃபைனல் ஆடுறான், சாம்பியன் வீட்ல உக்காந்து பேப்பர் படிக்கிறான்.

சரி பேட்டரி சிவப்பு காட்டுது. இந்த லிங்கை அப்படியே குரூப்ல போடப் போறேன், அவன் என்ன சொல்றான்னு ஸ்க்ரீன்ஷாட் கம்யூனிட்டி டேப்ல வரும்.