வார்ம் டோன் பேப்பர்: நிறம் படத்திலா, தாளிலா?

[காட்சி: ஜன்னலோர மேசை. ஒரே நெகட்டிவில் போட்ட மூன்று பிரிண்டுகள்.]

வணக்கம். இந்த மூன்றும் ஒரே நெகட்டிவ்தான்; டார்க்ரூமில் மூன்று வேறு கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரில் போட்டவை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் ஒரு பாட்டி. இடது ஓரத்தில் இருப்பது இல்ஃபோர்டின் மல்டிகிரேடு எஃப்.பி. கிளாசிக். நடுவில் அதே கம்பெனியின் மல்டிகிரேடு எஃப்.பி. வார்ம்டோன். வலது ஓரத்தில் செக் நாட்டு ஃபோமா தயாரிக்கும் ஃபோமாடோன். உங்கள் போன் திரை தன் பங்குக்குக் கொஞ்சம் நிறம் சேர்த்துத்தான் காட்டும். இருந்தாலும் மூன்றும் வேறு வேறு என்பது தெரிகிறதல்லவா?

பழுப்புச் சாயல் தரும் பேப்பர் என்றால் பெட்டியின் மேல் “வார்ம் டோன்” என்று ஒரே வார்த்தையாகப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, படமாக நிற்கும் வெள்ளியின் நிறம். இன்னொன்று, அதற்கு அடியில் இருக்கும் தாளின் நிறம். முன்னதை டெவலப்பரிலும் (படத்தை வெளியே கொண்டுவரும் திரவம்) டோனரிலும் (வந்த படத்தின் நிறத்தை மாற்றும் திரவம்) ஓரளவு நம் இஷ்டத்துக்கு வளைக்கலாம். தாளின் நிறத்தை அப்படி வளைக்க முடியாது. தேயிலைச் சாயத்தில் முக்கிக் கூடுதலாகப் பழுப்பாக்கலாம், அவ்வளவுதான்; மஞ்சளாக வந்த தாளை யாராலும் வெளுக்க முடியாது. அதனால் பேப்பர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது வெள்ளையைத்தான். கறுப்பெல்லாம் அப்புறம்.

[காட்சி: விரலகலத்தில் இரண்டு வெற்றுத் துண்டுகள்.]

இந்தத் துண்டுகளில் படமே இல்லை. வெளிச்சம் காட்டாமல், டெவலப்பரில் போடாமல், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரில் நேராகப் போட்டுக் கழுவி உலர்த்தியவை. அதாவது அந்தப் பேப்பர் தரக்கூடிய ஆகப் பெரிய வெள்ளை இதுதான். தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளை. பக்கத்தில் வைத்தால்? ஒன்று நீலம் போட்டு வெளுத்த வேட்டி, மற்றது கடையிலிருந்து வந்த கோடி வேட்டி. முதல் துண்டின் தாளில் வெள்ளையைத் தூக்கிக் காட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள். வேட்டிக்கு நீலம் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. ட்யூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஃபோமாடோன் எடுப்பவர்கள் எண்ணைக் கவனியுங்கள். 131 பளபளப்பு, 132 மேட், 133 வெல்வெட். மஞ்சள் தூக்கலான தாளில் வரும் வகைகளும் அதே பெயரில் உண்டு. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் வேறு தாள் வந்து நிற்கும்.

[காட்சி: பாட்டியின் சேலை மடிப்பு, நெருக்கத்தில்.]

சரி, வெள்ளி ஏன் பழுப்பாகத் தெரிகிறது? நம் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாக் கறுப்பு வெள்ளைத் தாளையும் “புரோமைடு பேப்பர்” என்றே சொல்லிப் பழகியவர்கள். வார்ம் டோன் பேப்பர்களில் பொதுவாகச் சில்வர் புரோமைடோடு சில்வர் குளோரைடும் கணிசமாகக் கலந்திருக்கும். இதில் உருவாகும் வெள்ளித் துகள்கள் மிகப் பொடியானவை. பொடித்துகள் நீல ஒளியை அதிகம் விழுங்கிவிடுவதால், மிஞ்சும் ஒளி நம் கண்ணுக்குப் பழுப்பாக வருகிறது. துகள் வளர வளர நிறம் நடுநிலைக் கறுப்புக்குப் போய்விடும்.

டெவலப்பர் விஷயம் முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கும்: துகளை அதிகம் வளர விடாதீர்கள். டெவலப்பரில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவது, ஒரு சிட்டிகை பொட்டாசியம் புரோமைடு சேர்ப்பது, என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) வெளிச்சத்தைக் கூட்டி டெவலப்பர் ட்ரேயில் நேரத்தைக் குறைப்பது எல்லாமே அதற்குத்தான். ஆனால் பிரிண்ட்டை முக்கால் வேக்காட்டில் வெளியே இழுத்தால் கறுப்பு சோகை பிடித்துப்போகும், திட்டுத் திட்டாகவும் வரும். பெட்டியில் போட்ட நேரத்துக்குக் கீழே நான் போவதில்லை. பழுப்புச் சாயல் போதவில்லை என்றால் டோனர் இருக்கிறது.

இன்னொன்று, இந்தப் பேப்பர்கள் மந்தமானவை. கிளாசிக்கிலிருந்து வார்ம்டோனுக்கு வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கும். பழைய கணக்கை நம்பாமல் ஒரு துண்டில் வெவ்வேறு நேரம் வெளிச்சம் காட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பைப் புதிதாகப் போடுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் ஃபோமாடோன் போட்டபோது பாட்டியின் நரைமுடி மங்கலாக, வெண்ணெய் நிறத்தில் வந்தது. “ஆஹா, இதுதான் வார்ம் டோன்” என்று ஒரு வாரம் பெருமையாக எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஃபிக்ஸரில் மட்டும் போட்ட துண்டை அதன் பக்கத்தில் வைத்தால், தாள் அதைவிட எவ்வளவோ வெள்ளை! டார்க்ரூமில் எரியும் என் மஞ்சள் சேஃப்லைட்டின் வெளிச்சம்தான் பேப்பரில் பட்டு வெள்ளையை மங்கவைத்திருந்தது. இந்தப் பேப்பருக்குச் சிவப்பு விளக்குதான் சரி. சந்தேகமிருந்தால், என்லார்ஜரில் லேசான சாம்பல் வருகிற அளவு வெளிச்சம் காட்டிய துண்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்றுங்கள்.

[காட்சி: இரண்டு ட்ரே. ஒன்றில் செலினியம் டோனர், மற்றதில் வெறும் தண்ணீர்.]

இப்போது எனக்குப் பிடித்த இடம். நடுவில் பார்த்த வார்ம்டோன் பிரிண்ட் டோனருக்கு முன்னால் இப்படித்தான் இருக்கும்: பழுப்பில் ஒரு பாசிப்பச்சைச் சாயல். நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு “இந்தப் பேப்பர் சரியில்லை” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பொறுங்கள். ஒரு பங்கு செலினியம், இருபது பங்கு தண்ணீர். கையுறை கட்டாயம், அமோனியா வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிரிண்ட் நன்றாக ஃபிக்ஸாகிக் கழுவப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் கறை விழும். அதே படத்தின் இன்னொரு பிரிண்ட் தண்ணீரில் கிடக்கட்டும். அது இல்லாமல் மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது.

முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு பாட்டியின் சேலை நிழலிலிருந்து அந்தப் பச்சை மெல்ல இறங்கும். நிழல் மட்டும் கருப்பட்டி நிறத்துக்கு வரும். முகமும் நரையும் அப்படியே இருக்கும். எனக்கு இந்த இடம் போதும். இன்னும் விட்டால் நடுச்சாயலும் சிவந்து, நாவற்பழக் கறை மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதற்கு ஒரு நொடி முன்பே எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். இதே ட்ரேயில் கிளாசிக்கைப் போட்டால் கறுப்பு கொஞ்சம் ஆழமாகும், நிறம் வார்ம்டோன் அளவுக்கு மாறாது. ஃபோமாடோன் இதற்கு நேர்மாறு, நிறம் சட்டென்று மாறிவிடும். டீ போட்டுவிட்டு வரலாம் என்று நகராதீர்கள்.

முன்பு தேர்ந்தெடுக்க நிறைய இருந்தது. அக்ஃபாவின் போர்ட்ரிகா ராப்பிட் என்ற பேப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பழைய ஆட்கள் நிறுத்த மாட்டார்கள். அதன் நிறத்துக்குக் காட்மியமும் ஒரு காரணம். நச்சு என்பதால் அது கைவிடப்பட்டது. 2005-இல் கோடாக் கறுப்பு வெள்ளைப் பேப்பரையே நிறுத்தியது. ஹங்கேரியின் ஃபோர்டே 2007-இல் போனது. இன்று பெரும்பாலும் பேச்சு இல்ஃபோர்டு, ஃபோமா என்ற இரண்டு பெயரில்தான் சுற்றுகிறது.

எந்தப் படத்துக்கு எது? முகம், மரம், பழைய கல், விளக்கு வெளிச்சம் என்றால் யோசிக்காமல் வார்ம் டோன். மேகமூட்டம், கடல், இரும்பு, மழை நனைந்த ரோடு இதற்கெல்லாம் எனக்கு இது ஒத்துவரவில்லை. மழை பெய்த ரோடு செம்மண் குட்டையாகிவிடுகிறது. பழசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள், அந்த வேலைக்கு போனில் ஃபில்டரே இருக்கிறது.

பாட்டிக்கு நடுப் பிரிண்ட்தான். ஃபோமாடோனில் நிழல் அழகு, ஆனால் நரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

[காட்சி: பிரிண்ட்டின் பின்பக்கம். பென்சிலில் டெவலப்பர் அளவு, ட்ரே நேரம், செலினியம் நிமிடம்.]

பின்பக்கம் இதை எழுதிவிட்டுத்தான் உலரப் போடுவேன். ஈரத்தில் பார்த்ததைவிட உலர்ந்ததும் ஒரு படி கறுத்திருக்கும். காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பிரிண்ட்டுக்கு ஒரு விநாடி குறைப்பேன்.