வங்கிப் பங்கா, டவர் பங்கா? – டவர் அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், வங்கிக்காக வாதாட வந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் என் வணக்கம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கும் தனிமனிதருக்கு நம்பகமான துணை வங்கியா, செல்போன் டவர் கம்பெனியா என்பதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி அம்மா மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னார்கள். வங்கி இல்லாமல் உலகம் ஓடாது. வங்கி தள்ளாடினால் அரசாங்கம் தாங்கிப் பிடிக்கும். டவர் கம்பெனிகளோ கழுத்துவரை கடனில் நிற்கின்றன. அம்மா, மூன்றுமே உண்மை. மூன்றையும் ஒப்புக்கொண்டுதான் நான் டவர் பக்கம் நிற்கிறேன்.

நான் பங்குத் தரகரும் இல்லை, கணக்காளரும் இல்லை. இரவு சாப்பாடு முடிந்தபிறகு, அடிக்கோல் வைத்து ஆண்டறிக்கையின் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கிற ஆள். அப்படிப் படிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது லாபம் இல்லை ஐயா. தான் எதை வாங்கியிருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். என் வாதம் முழுக்க இந்த ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு டவரின் அடியில் போய் நின்றேன். சுற்றிக் கம்பி வேலி, கதவில் பூட்டு. உள்ளே சிமென்ட் மேடைமேல் இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றும் அந்த டவரில் வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு செல்போன் கம்பெனிக்கு. பக்கத்தில் பேட்டரி, ஜெனரேட்டர், மீட்டர் பெட்டி. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு வரிசை ஆன்டெனா, நீள நீளமான வெளிர் நிறப் பெட்டிகள், மூன்று திசையைப் பார்த்து. கொஞ்சம் கீழே இரண்டாவது வரிசை. அதற்கும் கீழே மூன்றாவது தட்டில் ஆன்டெனா பொருத்தும் சட்டம் மட்டும் இருந்தது, ஆன்டெனா இல்லை. யாரோ காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு குடித்தனம், ஒரு காலியிடம். கீழே நின்று எண்ணிவிட்டேன்.

இந்தத் தொழிலின் கணக்கும் அவ்வளவு வெளிப்படையானது. டவர் கட்டுகிற செலவு ஒருமுறைதான். நிலத்துக்கு வாடகை, கொஞ்சம் பராமரிப்பு, அவ்வளவே மாறாச் செலவு. இரண்டாவது கம்பெனி வந்து ஆன்டெனா மாட்டினால் புதிதாக ஆகும் செலவு சொற்பம். 'அமெரிக்கன் டவர்' என்ற பெரிய டவர்க் கம்பெனி தன் முதலீட்டாளர்களுக்குப் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு டவரில் ஒரே குடித்தனம் என்றால் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 3 சதவீதம். இரண்டு என்றால் 13. மூன்று என்றால் 24. அமெரிக்க ஒப்பந்தங்களில் முதல் ஒப்பந்தக் காலமே பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு, நடுவில் கைவிட முடியாது, வாடகை ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் ஏறும். 4ஜி போய் 5ஜி வந்தால் புதுக் கருவி மாட்ட வேண்டும், எடை கூடும், வாடகையும் கூடும். பேசுகிறவர் யார் என்பதோ, எந்தக் கம்பெனியின் போன் விற்கிறது என்பதோ டவர்க்காரருக்குக் கவலையே இல்லை.

இப்போது வங்கிக்குள் போகலாம். போகத்தான் முடியுமா என்பதே என் கேள்வி.

ஒரு வங்கியின் சொத்து என்பது அது கொடுத்த கடன். அந்தக் கடன் திரும்பி வருமா என்பது அந்த நிர்வாகத்தின் கணிப்பு. நூறு ரூபாய் சொத்து இருந்தால் அதில் சொந்தக்காரர்களின் பணம் பல பெரிய வங்கிகளில் பத்து ரூபாய்க்கும் கீழ்தான். மீதியெல்லாம் டெபாசிட்டும் கடனும். ஆக, கணிப்பு நூற்றுக்கு எட்டு, ஒன்பது தவறினாலே பங்குதாரர் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கணிப்பு சரியா தவறா என்று வெளியில் நிற்கிற நான் எதை வைத்துப் பார்ப்பேன்?

யெஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச் முடிவில் தன் மொத்த வாராக்கடன் 749 கோடி ரூபாய் என்று ஆண்டறிக்கையில் அச்சடித்தது. தணிக்கையாளர் கையெழுத்தும் இருந்தது. ரிசர்வ் வங்கி உள்ளே போய்ப் பார்த்துச் சொன்ன தொகை 4,926 கோடி. ஆறரை மடங்கு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது இதுதான். பங்குதாரருக்கு இது தெரியவந்தது 2017-ல், ஓராண்டுக்கு மேல் கழித்து. அந்த இடைவெளியில் அந்தப் பங்கை நம்பி வாங்கியவர் என்ன தப்பு செய்தார்? ஆண்டறிக்கையைப் படித்தார், நம்பினார். 2020 மார்ச்சில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. மீட்புத் திட்டம் வந்தபோது நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் முக்கால்வாசியை மூன்று ஆண்டுக்கு விற்க முடியாமல் பூட்டிவிட்டார்கள். மீட்டது வங்கியை. பூட்டியது பங்குதாரரை.

எதிரணி அம்மா சொன்ன "அரசாங்கம் தாங்கிப் பிடிக்கும்" என்ற வாக்கியத்தில் ஒரு சின்ன இடறல் இருக்கிறது. யாரைத் தாங்கிப் பிடிக்கும்? டெபாசிட் போட்டவர் வேறு, பங்கு வாங்கியவர் வேறு. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது டெபாசிட்காரர்களுக்கு, காப்பீட்டு வரம்பான இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியும், முழுப் பணமும் கிடைத்தது. பங்குதாரர்களைப் பாதுகாக்க மாட்டோம் என்று அதே அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து சுவிட்சர்லாந்தில் கிரெடிட் சூஸ். 1856-ல் தொடங்கிய வங்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேரம் முடிந்து போட்டி வங்கியான யுபிஎஸ் கைக்குப் போனது. பங்குதாரர்களிடம் ஓட்டுகூடக் கேட்கவில்லை.

சிலிக்கான் வேலி வங்கியைப் பற்றி எதிரணியில் யாராவது, "அந்த நஷ்டம் ஆண்டறிக்கையிலேயே இருந்ததே, நீங்கள் படிக்கவில்லையா?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இருந்தது. முதிர்வுவரை வைத்திருக்கப்போகிறோம் என்று ஒதுக்கிய பத்திரங்கள் 9,100 கோடி டாலர், சந்தை மதிப்பு 7,600 கோடிதான். வித்தியாசம் 1,500 கோடி. வங்கியின் சொந்த மூலதனமே 1,600 கோடி. இதைப் படித்துப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் புரிந்தும் ஒன்றை அவர்களால் கணிக்க முடியவில்லை: டெபாசிட்காரர் எந்த நாளில் பயப்படுவார் என்பதை. மார்ச் 8 மாலை, 180 கோடி டாலர் நஷ்டத்தில் பத்திரம் விற்றதாக வங்கியே சொன்னது. மார்ச் 9 ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போனது. மார்ச் 10 காலை வங்கி மூடப்பட்டது. 2008-ல் வாஷிங்டன் மியூச்சுவல் என்ற அமெரிக்க வங்கி விழுந்தபோதுகூட 1,670 கோடி டாலர் போகப் பத்து நாள் ஆனது. இப்போது வரிசையில் நிற்க வேண்டாம், விரலால் தொட்டால் போதும்.

டவரில் இது நடக்காது ஐயா. குடியிருக்கிற கம்பெனி கோபித்துக்கொண்டு ஒரே நாளில் ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. கையெழுத்துப் போட்ட ஆண்டுகள் வரை வாடகை கொடுத்தாக வேண்டும். தவிர, அந்த ஆன்டெனாவை இறக்கினால் அவருடைய வாடிக்கையாளருக்கு அந்த இடத்தில் சிக்னல் போய்விடும். ஓடுகிற வாய்ப்பு வங்கியின் டெபாசிட்காரருக்கு ஒவ்வொரு நிமிஷமும் உண்டு. டவர் குடித்தனக்காரருக்கு ஒப்பந்தம் முடிகிற ஆண்டில்தான் உண்டு, அந்த ஆண்டுகளும் அறிக்கையில் அட்டவணையாகவே கிடக்கும்.

இனி எதிரணியின் பலமான ஆயுதத்துக்கு வருகிறேன். கடன். அமெரிக்கன் டவருக்கு, வட்டியும் வரியும் தேய்மானமும் கழிப்பதற்கு முந்தைய ஆண்டு லாபத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு கடன் இருக்கிறது. லேசான சுமை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சுமை ஆளைக் கொன்றதும் உண்டு. 2002-ல் பினக்கிள், ஸ்பெக்ட்ராசைட் என்ற இரண்டு டவர் கம்பெனிகள் திவாலாகின. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கன் டவர் பங்கே, 2000-ல் 50 டாலரைத் தாண்டியிருந்த பங்கு, 1 டாலருக்குக் கீழ் போனது.

இதை நானே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொரு பங்கும் 1 டாலருக்குக் கீழ் போனது. சிட்டி வங்கியின் தாய்க்கம்பெனியான சிட்டிகுரூப். 2006 முடிவில் 55 டாலர், 2009 மார்ச்சில் ஒரு டாலருக்கும் கீழ். இரண்டு கம்பெனிகளும் பிழைத்தன. இரண்டிலும் பழைய பங்குதாரருக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

அமெரிக்கன் டவர் பங்கு சரிந்த நாளில் எந்த டவரும் சாயவில்லை. வாடகை வந்துகொண்டே இருந்தது. தப்பு நடந்தது கடன் பக்கத்தில் மட்டும்தான். கடனை ஒழுங்குபடுத்தினார்கள், மூச்சு திரும்பியது. 2005-ல் ஸ்பெக்ட்ராசைட்டை இணைத்தபோது பங்குகளின் எண்ணிக்கை கூடியது உண்மை, ஆனால் அதற்கு ஈடாக ஆயிரக்கணக்கான டவர்கள் வந்தன. 2021-ல் அந்தப் பங்கு 300 டாலரைத் தொட்டது. சிட்டிகுரூப்பில் அழிந்தது சொத்துப் பக்கம். கொடுத்த கடன் திரும்பவில்லை, ஓட்டையை அடைக்கப் புதுப்பங்கு மேல் புதுப்பங்காக வெளியிட்டார்கள். சுமார் 500 கோடியாக இருந்த பங்குகள் 2,900 கோடியாகின. 2011 மே மாதம் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். பழைய 55 டாலர் என்பது புதுக்கணக்கில் 550 டாலர். 2021-ல் 300 டாலரைத் தொட்ட டவர் பங்கு தன் பழைய உச்சத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போயிருந்தது. அதே ஆண்டு சிட்டி பங்கு 100 டாலரைக்கூடத் தொடவில்லை.

டவர்க் கம்பெனியின் ஆபத்து, அது வாங்கிய கடன். எவ்வளவு, என்ன வட்டி, எந்த ஆண்டு கட்ட வேண்டும் என்று காசு விடாமல் எழுதியிருக்கும். வங்கியின் ஆபத்து, அது கொடுத்த கடன். அதில் எது திரும்பாது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. முதல் ஆபத்தை நான் அடிக்கோல் வைத்து அளக்கலாம். இரண்டாவதற்கு என்னிடம் கோல் இல்லை.

என் கதையும் இதுதான். ஒரு வங்கியின் பங்கைப் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். காலாண்டுக்குக் காலாண்டு "வாராக்கடன் கட்டுக்குள் இருக்கிறது" என்றார்கள். டிவிடெண்டும், அதாவது லாபத்தில் என் பங்கும், வந்தது. ஒரு காலாண்டில் திடீரென்று பழைய ஐந்தாறு ஆண்டு லாபத்தை விழுங்குகிற நஷ்டத்தைக் காட்டினார்கள். அந்த இரவு பழைய அறிக்கைகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்து, எந்தப் பக்கத்தில் நான் கோட்டைவிட்டேன் என்று விடியும்வரை தேடினேன். ஒரு பக்கமும் அகப்படவில்லை. பணம் போனதைவிட, தேடியும் அகப்படாததுதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

குடித்தனக்காரர்கள் குறைந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். நான் பார்த்த அந்த மூன்றாவது தட்டின் காலிச் சட்டம் அந்தக் கேள்விதான். இந்தியாவில் ஏர்செல் திவாலானது, வேறு சில கம்பெனிகள் கடையைக் கட்டின, டவர்களில் பல இடங்கள் காலியாயின. அமெரிக்கன் டவரே தன் இந்தியத் தொழிலை 2024-ல் விற்றுவிட்டுக் கிளம்பியது. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் டி-மொபைல், ஸ்பிரிண்ட் என்ற இரண்டு செல்போன் கம்பெனிகள் ஒன்றான பிறகு பல டவர்களில் இரண்டு வாடகை ஒன்றானது. இந்த அடி நிஜமானது, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கம்பெனி ஒன்றாகப்போகிறது என்பது செய்தித்தாளில் வரும், நீதிமன்றத்தில் வாதாடப்படும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தீர்மானிக்க எனக்கு அவகாசம் இருக்கும். கிரவுன் காசில் என்ற இன்னொரு அமெரிக்க டவர்க் கம்பெனி 2025-ல் டிவிடெண்டைக் குறைத்ததைக்கூடச் சொல்வீர்கள். ஸ்பிரிண்ட் வாடகை போனது ஒரு காரணம். டவரை விட்டு ஃபைபரில் கோடிகோடியாகக் கொட்டியது இன்னொரு காரணம். அந்த ஃபைபர் செலவு எத்தனை என்று ஒவ்வொரு அறிக்கையிலும் தனியாகப் போட்டிருந்தார்கள்.

வட்டி ஏறினால் டவர் பங்கு விழும். 2021-ல் 300-ஐத் தொட்ட அமெரிக்கன் டவர் பங்கு 2023 அக்டோபரில் 160-க்கும் கீழ் வந்தது. விலைதான் பாதியானது, வாடகை பாதியாகவில்லை. செயற்கைக்கோள் வந்துவிட்டதே என்றால், ஒரு செயற்கைக்கோள் கற்றை கிலோமீட்டர் கணக்கில் விரிந்து, அதற்குள் இருக்கிற அத்தனை பேரும் ஒரே குழாயைப் பங்குபோட வேண்டியிருக்கிறது. காட்டுக்கும் கடலுக்கும் அது வரம். நெரிசலான தெருவில், நான்கு சுவருக்குள் வீடியோ பார்க்கிறவருக்குப் பக்கத்து டவர்தான்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். என் கையில் இரண்டு ஆண்டறிக்கைகள் இருக்கின்றன, ஒன்று வங்கியுடையது, ஒன்று டவர்க் கம்பெனியுடையது. இரண்டையும் உங்கள் மேசைமேல் வைக்கிறேன். டவர் அறிக்கையில் கடன் எப்போது கட்ட வேண்டும் என்ற பக்கத்திலும், ஒப்பந்தங்கள் எந்த ஆண்டில் முடிகின்றன என்ற பக்கத்திலும் தாள் மடித்திருக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி, வங்கி அறிக்கையில் எந்தக் கடன் திரும்பாது என்று சொல்கிற பக்கத்தை இதேபோல் மடித்துக் காட்டட்டும். காட்டிவிட்டால் என் நாற்காலியை அவர்கள் வரிசையில் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்கிறேன். வணக்கம்.